காட்டுப்பன்னிக்காக வாங்குன ரேடார் பெட்டி, ஏழு மாசம் வச்சுப் பாத்துட்டு எழுதுறேன்

நத்தம் ரோட்டுல இருந்து உள்ள தள்ளி, அழகர்மலை அடிவாரத்துல எங்களுக்கு மூணு ஏக்கர் இருக்கு. ரெண்டு ஏக்கர் மாவும் தென்னையும், மிச்சம் ஒரு ஏக்கர்ல ஆடிப்பட்டத்துக்கு கடலை போடுவோம். போன வருசம் கடலை காய் பிடிச்சு முத்துற நேரத்துல ரெண்டே ராத்திரி, பன்னிக் கூட்டம் இறங்கி அரை ஏக்கர ஏர் ஓட்டுன மாதிரி கிளறிட்டுப் போயிருச்சு. காலைல போய்ப் பாத்தா அப்பா ஒண்ணுமே பேசல, வரப்புல உக்காந்து பிடுங்கிப் போட்ட செடிய ஒண்ணொண்ணா எடுத்து மண்ண உதறி ஒரு பக்கமா அடுக்கிட்டு இருந்தாரு. அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், அடுத்த வருசம் இத விடக் கூடாதுன்னு.

கரண்ட் வேலி போடச் சொல்லி அக்கம்பக்கத்துல சொன்னாங்க, அத மட்டும் செய்ய மாட்டேன். சட்டப்படி தப்புங்கிறது ஒரு பக்கம், அதுல பன்னிய விட ராத்திரி தண்ணி பாய்ச்சப் போற மனுசன் சாவுறான், அத பேப்பர்ல எத்தன தடவ பாத்தாச்சு. பழைய சேலைய சுத்திக் கட்டிப் பாத்தோம், ஒரு வாரத்துல பன்னி பழகிருச்சு. வெடி போட்டோம், அதுவும் பழகிருச்சு. ஆள் வந்தா எரியிற சென்சார் லைட்டு நாலு வாங்கி மாட்டுனேன், அது உடம்புச் சூட்ட வச்சுக் கண்டுபிடிக்கிறது, நம்ம ஊரு சித்திரை வைகாசில சாயங்காலம் ஆனாலும் மண்ணும் கல்லும் கொதிச்சுக்கிட்டு இருக்கும், சுத்தியும் உடம்புச் சூடு மாதிரியே இருந்தா அது எத வச்சுப் பிரிக்கும், எரிய வேண்டிய நேரத்துல எரியவே இல்ல. கேமராவும் வச்சேன், ராத்திரி அதுல இருந்து வர்ற இன்ஃப்ராரெட் வெளிச்சத்துக்கு பூச்சி மொய்க்கும், பூச்சிக்காக எட்டுக்கால் பூச்சி லென்ஸ் முன்னாடி வலை கட்டும், அந்த நூலு ஆடுறதுக்கெல்லாம் போன் அடிக்கும்.

அதுக்கப்புறம் தான் இந்த ரேடார் பெட்டி. கம்பெனி பேரு சொல்லப் போறதில்ல, கீழ திட்டவும் வேண்டியிருக்கு, அதனால வேணாம். டிபன் கேரியர் ஒரு அடுக்க விடக் கொஞ்சம் பெருசு, முன்னாடி வெள்ளை பிளாஸ்டிக் மூடி, பின்னாடி சோலாரும் பேட்டரியும், உள்ள 4ஜி சிம்மு. ரெண்டு பெட்டி, கம்பம், மாட்டுற கூலி எல்லாம் சேத்து எனக்கு 41,500 ஆச்சு. என்ன செய்யும்னா, முன்னாடி அசையிறது என்னன்னு பாத்து ஆள், மிருகம், வண்டி, தெரியலை, இந்த நாலுல ஒண்ணு சொல்லும். மிருகம்னா சைரனும் பளிச்பளிச்னு லைட்டும் போடும், ஆள்னா சத்தம் போடாம எனக்கு மட்டும் போன்ல மெசேஜ். நான் மதுரை டவுன்ல இருக்கேன், அப்பாவும் அம்மாவும் தோப்பு வீட்டுல, அதனால எனக்கு இது ரெண்டுமே தேவைப்பட்டுச்சு.

இது எப்படி ஆளு எது பன்னி எதுன்னு பிரிக்குதுன்னு நான் வாங்குறப்ப கேக்கல, அதான் நான் செஞ்ச தப்பு, நீங்க கேட்டுட்டு வாங்குங்க. மாட்ட வந்த தம்பி பின்னாடி ஒரு நாள் பொறுமையா உக்காந்து சொன்னத என்னால முடிஞ்ச அளவுக்கு சொல்றேன்.

பெட்டி 24 ஜிகாஹெர்ட்ஸ்ல அலைய விட்டுக்கிட்டே இருக்கும், அலையோட நீளம் ஒன்னேகால் சென்டிமீட்டர் தான். பட்டுத் திரும்பி வர்றத வச்சு தூரம் தெரிஞ்சுக்கும். அசையிற பொருளா இருந்தா திரும்பி வர்ற அலையோட அதிர்வெண் கொஞ்சம் மாறியிருக்கும், அதான் ஸ்கூல்ல படிச்ச டாப்ளர் விளைவு, டாப்ளர் அத 1842ல சொன்னாரு. நொடிக்கு ஒன்றரை மீட்டர் நடந்து பெட்டிய நோக்கி வர்ற ஆளுக்கு இந்த மாற்றம் கணக்குப் போட்டா 240 ஹெர்ட்ஸ். இது வரைக்கும் வெறும் தூரமும் வேகமும் தான், பன்னியும் அதே வேகத்துல வரலாமே, அப்ப எப்படிப் பிரிக்கும்?

விசயமே இங்க தான் இருக்கு. நடக்கும்போது நம்ம உடம்பு மொத்தமும் ஒரே வேகத்துல போறதில்ல. ஊணின காலு அசையாம நிக்குது, தூக்குன காலு உடம்ப விட ரெண்டு மூணு மடங்கு வேகமா முன்னாடி வீசுது, கை ஒண்ணு முன்ன போகுது ஒண்ணு பின்ன போகுது. இது ஒவ்வொண்ணும் தனித்தனியா டாப்ளர் குடுக்குது. மைக்ரோ டாப்ளர்னு சொல்றாங்க, அமெரிக்க கடற்படையோட ஆராய்ச்சிக் கூடத்துல இருந்த விக்டர் சென்ங்கிறவரு இதுல நிறைய வேலை பாத்திருக்காரு. மனுசன் நடைக்கு ஒரு தினுசு, நாலு குட்டைக் கால வச்சுட்டு குடுகுடுன்னு வர்ற பன்னிக்கு ஒரு தினுசு, உருளுற சக்கரத்துக்கு ஒரு தினுசு. ஆயிரக்கணக்கான நடைய முன்னாடியே பதிவு பண்ணி மிசினுக்குப் படிச்சுக் குடுத்து வச்சிருப்பாங்க, அது வர்ற நடைய அதோட ஒப்பிட்டு சொல்லுது. அதாவது பெட்டி உருவத்த பாக்கல, நடைய பாக்குது. இத மனசுல வச்சுக்கிட்டு மிச்சத்த படிங்க.

முதல் ரெண்டு மாசம் அப்படி ஒரு திருப்தி. பூச்சிக்கும் வலைக்கும் அடிக்கிறதே இல்ல. 45 மீட்டர்ல பன்னி வந்தா சைரன் போடுது, போன்ல பாத்தா பத்து செகண்டுல தூரம் கூடிக்கிட்டே போகுது, ஓடிருச்சுன்னு தெரியுது. பக்கத்துத் தோட்டத்து மாமா வந்து பாத்துட்டு எனக்கும் ஒண்ணு சொல்லுப்பான்னாரு.

ஆடி பிறந்ததும் காத்து. தென்னை மட்டை அம்புட்டும் ஆட ஆரம்பிச்சுச்சு, ஒரு ராத்திரில 60 மெசேஜ். மட்டை முன்னயும் பின்னயும் ஆடுதே தவிர இடம் விட்டு நகர மாட்டேங்குது, அத வச்சு ஒதுக்கிருக்கணும், ஆனா நாலஞ்சு மரம் ஒண்ணா ஆடுனா எங்கயோ நகர்ற மாதிரி அதுக்குப் படுது போல. தம்பி வந்து பெட்டிய பத்தடி உயரத்துல இருந்து ஆறடிக்கு இறக்கி, மூஞ்சிய லேசா கீழ சாய்ச்சு, மரம் இருக்குற தூரத்த போன் ஆப்புல மறைச்சு விட்டதும் முக்காவாசி நின்னுருச்சு. அப்ப இன்னொண்ணும் மாத்துனாரு. முதல்ல பெட்டி வேலிக்குப் பக்கவாட்டா பாத்துக்கிட்டு இருந்துச்சு, பன்னி அதுக்குக் குறுக்க நடந்து போகும். குறுக்க போனா பெட்டிக்கும் அதுக்கும் நடுவுல தூரம் அவ்வளவா மாறாது, அப்ப டாப்ளர் எங்கிருந்து வரும்? ஓடைப் பக்கமா திருப்பி, பன்னி ஏறி நேரா பெட்டி முகத்துக்கு வர்ற மாதிரி வச்சதும் "தெரியலை" வர்றது ரொம்பக் குறைஞ்சுச்சு. வாங்குறவங்க இத எழுதியே வச்சுக்கோங்க, எந்தப் பக்கம் இருந்து வரும்னு பாத்து அதுக்கு எதிர்க்க மாட்டுங்க.

அதே ஆடி மாசம் தான் அம்மாவ பதற வச்ச சம்பவம். நான் லீவுல தோப்புக்கு வந்திருந்தேன். ராத்திரி எட்டு மணி இருக்கும், போன்ல "ஆள், 38 மீட்டர்"னு வருது, ஆப்பு மேப்புல புள்ளி எங்க நிக்குதுன்னு பாத்தா கிணத்துக்கு நடுவுல. எங்க கிணறு சுவரு வைக்காத பழைய கிணறு. அம்மா டார்ச்ச எடுத்துக்கிட்டு செருப்புக் கூட போடாம ஓடுனாங்க, நானும் பின்னாடியே ஓடுனேன். கிணத்துல யாரும் இல்ல, தண்ணி அசையவே இல்ல. புள்ளி மட்டும் போன்ல மெதுவா நகர்ந்துக்கிட்டே இருக்கு. கடைசில பாத்தா தேங்கா வெட்டுறவரு இந்தப் பக்கம் விட்டுட்டுப் போன அரிவாள எடுக்க வந்து நடந்துக்கிட்டு இருக்காரு. மோட்டார் ரூமோட தகரச் சுவரு அலைக்குக் கண்ணாடி மாதிரி, அவர் மேல பட்டுத் திரும்புன அலை தகரத்துல பட்டு சுத்தி வந்ததால, கண்ணாடிக்குப் பின்னாடி பிம்பம் தெரியிற மாதிரி தகரத்துக்குப் பின்னாடி ஆள் இருக்குறதா பெட்டி நம்பியிருக்கு. தகரத்துக்குப் பின்னாடி எங்களுக்குக் கிணறு. கிணறு இருக்குற இடத்த அன்னைக்கே ஆப்புல மறைக்கச் சொல்லிட்டேன். தகர ஷெட்டு இருக்குற தோட்டத்துக்கு இத விக்கும்போது இத முன்னாடியே சொல்லணும், கம்பெனி கையேட்டுல ஒரு வரி கூட இல்ல.

இப்ப அப்பா விசயத்துக்கு வர்றேன், நான் இத எழுதுறதே அதுக்குத் தான்.

அப்பாவுக்கு ரெண்டு வருசம் முன்னாடி பக்கவாதம் வந்து இடது கால் இழுத்துக்கிச்சு. நடக்குறாரு, வலது கைல கம்பு ஊணி நடக்குறாரு, தோப்பு வேலை எதையும் விட மாட்டேங்குறாரு. த்ரீ ஃபேஸ் கரண்ட்டு ராத்திரி ஒரு மணிக்கு வந்தா அவரே எந்திரிச்சுப் போய் மோட்டார் போட்டு மடை திருப்பி விட்டுட்டுத் தான் வந்து படுப்பாரு, எத்தன தடவ சொல்லியும் கேக்க மாட்டாரு. மோட்டார் ரூமுக்குப் போற பாதை வீட்டுப் பக்கம், முதல்ல அங்க பெட்டியோட பார்வை எட்டல. ரெண்டாவது பெட்டிய புரட்டாசில கடலைக் காட்டுப் பக்கம் திருப்பி வச்ச பிறகு தான் அந்தப் பாதையும் அதுக்குள்ள வந்துச்சு. முதல் ராத்திரியே, ஒன்றரை மணிக்கு, "மிருகம், 27 மீட்டர்"னு சைரன் அலறுது, லைட்டு அவரு மூஞ்சிலயே பளிச்பளிச்னு அடிக்குது. கம்பு வழுக்கி வாய்க்கா ஓரத்துல உக்காந்துட்டாரு. அம்மா போய்த் தூக்கி விட்டுருக்காங்க. அடி ஒண்ணும் இல்ல. ஆனா காலைல போன்ல என்கிட்ட ஒரே ஒரு வார்த்தை கேட்டாரு, "என்னய பன்னிங்குதாப்பா அது?"

எனக்கு அன்னைக்கு முழுக்க வேலை ஓடல.

கஸ்டமர் கேருக்குப் போன் போட்டேன். அந்தப் பொண்ணு மரியாதையா தான் பேசுச்சு, ஆனா சொன்ன பதில் இது: "சார், அவங்க நடை நார்மலா இல்லாததால சிஸ்டம் தப்பா எடுத்திருக்கும், அந்த நேரத்துல அவங்கள வெளிய வர வேணாம்னு சொல்லுங்க." அவரோட தோப்பு, அவரு வச்ச மரம், அவர வெளிய வராதீங்கன்னு சொல்றதுக்கு இந்தப் பெட்டிய நான் வாங்கல. நார்மல் நடைன்னா என்ன நடைங்க? நம்ம ஊருல தோட்டம் காக்குறவங்க பாதிப் பேரு அறுபது தாண்டினவங்க, முட்டி தேஞ்சவங்க, கால் தாங்கித் தாங்கி நடக்குறவங்க. காட்டு வேலைக்குப் போற பொம்பளைங்க புல்லுக்கட்டத் தலையில வச்சு ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு வருவாங்க, அவங்களுக்குக் கை வீச்சே கிடையாது. இவங்க நடையெல்லாம் பதிவு பண்ணிப் படிச்சுக் குடுக்காம, இது தோட்டத்துக்கான பெட்டின்னு எப்படி விக்கிறீங்கன்னு கேட்டேன். மேல சொல்றேன்னு போன வச்சுட்டாங்க.

மாட்டுன தம்பி தான் மனுசன். ஞாயித்துக்கிழமை அவரா வண்டி எடுத்துக்கிட்டு வந்துட்டாரு, காசும் வாங்கல. லேப்டாப்ப பெட்டியோட சேத்து, "அண்ணே, இதக் கேளுங்க"ன்னு டாப்ளர சத்தமா மாத்திப் போட்டுக் காட்டுனாரு. இந்த அதிர்வெண் எல்லாம் நம்ம காதுக்குக் கேக்குற அளவுல தான் இருக்காம், அந்தக் காலத்துல வியட்நாம் சண்டைல அமெரிக்க சிப்பாய்ங்க தரையில வச்சுப் பாக்குற ரேடார்ல ஹெட்போன் மாட்டிக்கிட்டு சத்தத்த வச்சே ஆளா வண்டியான்னு சொல்லுவாங்களாம். நம்ம ராணுவத்துக்கும் ராணுவ ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓவோட பெங்களூரு ஆய்வகம் வடிவமைச்சு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் தயாரிக்கிற தூக்கிட்டுப் போற ரேடார் இருக்கு, நடக்குற ஆளு, வண்டி, தாழப் பறக்குற ஹெலிகாப்டர் வரைக்கும் கண்டுபிடிக்கும்.

முதல்ல என்னய நடக்கச் சொன்னாரு. ஊம்ம்ம்னு ஒரு சீரான ரீங்காரம், அதுக்கு மேல ஒவ்வொரு காலுக்கும் விஷ்க், விஷ்க்னு. அப்புறம் பழைய பதிவுல இருந்து பன்னி சத்தம் போட்டாரு, கொரகொரன்னு விடாம, விஷ்க் எல்லாம் ஒண்ணுக்குள்ள ஒண்ணு கலந்து. அப்புறம் அப்பாவ நடக்கச் சொன்னோம். ரீங்காரம் ரொம்பத் தாழ்ந்து வந்துச்சு, நொடிக்கு அரை மீட்டர்னா 80 ஹெர்ட்ஸ் தானே, தவிலோட தொப்பிப் பக்கத்த மெல்லத் தடவுனா வர்ற மாதிரி. அதுக்கு மேல வலது காலுக்கு ஒரு விஷ்க். இடது காலுக்கு சத்தமே இல்ல, இழுத்து வைக்கிறாருல்ல, வீச்சு கிடையாது. நடுவுல சுருக்குன்னு இன்னொரு சத்தம், அது கம்பு. கம்பத் தூக்கி முன்னாடி வைக்கிறது காலு வீசுறத விட வேகம். நான் கண்ண மூடிக் கேட்டேன், அப்பா எங்க வீட்டு முத்தத்துல நடக்குற அதே தாளம். எந்தக் கூட்டத்துலயும் நான் கண்டுபிடிச்சிருவேன். ஆனா பெட்டிக்கு இப்படி ஒரு நடைய யாரும் சொல்லிக் குடுக்கல, ரெண்டு காலு தாளம் இல்லாததெல்லாம் மிருகம்ங்கிற பக்கம் தள்ளி விட்டுருச்சு.

அப்பாவும் கேட்டாரு. ரொம்ப நேரம் ஒண்ணும் சொல்லல, அப்புறம் "இன்னொருக்கா போடு தம்பி"ன்னாரு. அதுக்கப்புறம் அவரே எந்திரிச்சு நடக்க ஆரம்பிச்சுட்டாரு. ரெண்டு நாள்ல இருபது தடவ நடந்தாரு, கம்போட, மம்பட்டியோட, தலையில சாக்கு போட்டுக்கிட்டு, டார்ச்சு பிடிச்சுக்கிட்டு. தம்பி அம்புட்டையும் பதிவு பண்ணி, "ஆள்"னு பேரு குறிச்சு கம்பெனிக்கு அனுப்புனாரு. அது வரைக்கும் வீட்டுக்கும் மோட்டார் ரூமுக்கும் நடுவுல சைரன நிறுத்தி வச்சோம். மூணு வாரம் கழிச்சு அப்டேட் வந்துச்சு. இப்ப பத்துக்கு ஒன்பது தடவ ஆள்னு சொல்லுது, மிச்சம் ஒரு தடவ "தெரியலை". மிருகம்னு இது வரைக்கும் ஒரு தடவ கூட சொல்லல. கம்பெனி இதுக்காக ஒரு வார்த்தை வருத்தம் தெரிவிக்கல, அப்டேட்ல என்ன மாத்துனாங்கன்னும் எழுதல. செஞ்சது நல்ல காரியம் தான், சொல்லியிருந்தா இன்னும் மரியாதையா இருந்திருக்கும்.

மத்த விசயங்கள சுருக்கமா சொல்லிர்றேன். கூட்டமா பன்னி வந்தா எத்தனைன்னு எண்ணத் தெரியாது, இந்த 24 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசைல கிடைக்கிற அகலம் 250 மெகாஹெர்ட்ஸ் தான், அதுக்கு 60 சென்டிமீட்டருக்குள்ள ஒட்டிக்கிட்டு ஒரே பக்கம் வர்ற ரெண்ட பிரிக்க முடியாது, குட்டியோட வந்த ஒரு கூட்டத்த ஒரு தடவ "வண்டி"ன்னுருச்சு. மயிலு எங்க பக்கம் நிறைய. மயிலு மேல பட்டு வர்ற அலை ரொம்பக் கம்மி தான், தூரம் ரெண்டு மடங்கானா திரும்பி வர்றது பதினாறுல ஒரு பங்கா குறைஞ்சிரும், அதனால தூரத்து மயில பெட்டி பாக்கவே பாக்காது, கிட்ட வந்தா தூரத்த வச்சு கணக்குப் போட்டு இது சின்ன உருப்படின்னு விட்டுரும். ஆனா பத்து மீட்டருக்குள்ள ரெண்டு காலுல நிதானமா நடந்து வந்த மயில மூணு தடவ ஆள்னு சொல்லியிருக்கு. அத நான் பெருசா எடுத்துக்கல, மெசேஜ் தானே.

அசையாம நிக்கிற ஆளு இதுக்குத் தெரியாது. வீட்டுக்குள்ள மாட்டுற சின்ன ரேடார் சென்சார் மூச்சு விடுறதக் கூட கண்டுபிடிக்கும், அது நாலஞ்சு மீட்டருக்குள்ள. தோட்டத்துல 30 மீட்டர்ல அது நடக்காது, திருடன் மரத்தோட ஒட்டி நின்னுட்டா இது காட்டாதுன்னு தெரிஞ்சுக்கோங்க. ஐப்பசி மழைல இன்னொரு கஷ்டம். மழை பெய்யிறது கூட பரவாயில்ல, முன்னாடி மூடில தண்ணி படலமா நின்னா அது அலைய உறிஞ்சிருது, 45 மீட்டர் பாக்குறது பாதியாயிரும். மேல ஒரு பிளாஸ்டிக் கூரை வச்சு மூடில கொஞ்சம் கார் மெழுகு தேச்சு விட்டதும் தண்ணி நிக்காம வழிஞ்சிருது. சின்ன கூரை ஒண்ணு கம்பெனியே குடுத்திருக்கலாம், இந்த விலைக்கு.

கடலை என்ன ஆச்சுன்னு கேப்பீங்க. இந்த வருசம் பன்னி மூணு தடவ தான் உள்ள இறங்குச்சு, ஓரத்துல நாலு பாத்தி போச்சு, மிச்சத்த முழுசா கார்த்திகைல பிடுங்கிட்டோம். சைரனுக்கும் ஒரு நாள் பழகிருமோன்னு எனக்கு பயம் இருக்கு, அதனால மாசத்துக்கு ஒரு தடவ சத்தத்த மாத்தி வைக்கிறேன்.

பெட்டிக்கு 5க்கு மூன்றரை குடுப்பேன், மாட்டுன தம்பிக்கு 5க்கு 5, கஸ்டமர் கேருக்கு 1. வாங்கப் போறவங்க காசு குடுக்குறதுக்கு முன்னாடி டெமோ கேளுங்க, டெமோல சேல்ஸ் பையன நடக்க விடாதீங்க, உங்க வீட்டுல வயசானவங்க யாரோ, காட்டுல வேலை பாக்குறவங்க யாரோ, அவங்கள கம்போட, சுமையோட, வழக்கமா நடக்குற மாதிரி நடக்கச் சொல்லிப் பாருங்க. தப்பா சொன்னா உங்க ஆளுங்க நடைய பதிவு பண்ணி சரி பண்ணித் தருவீங்களான்னு எழுதி வாங்கிக்கோங்க. அதுக்கு ஒத்துக்கலேன்னா வாங்காதீங்க.

நேத்து ராத்திரி 1.40க்கு போன் அதிர்ந்துச்சு. "ஆள், 27 மீட்டர்". அப்புறம் 24, 21, மெதுவா. மோட்டார் ரூம் கிட்ட போய் நின்னுச்சு. பத்து நிமிசம் கழிச்சு திரும்ப வீட்டுப் பக்கம் நகர்ந்துச்சு, பார்வைய விட்டு வெளிய போச்சு, நான் போன கவுத்து வச்சுட்டுப் படுத்தேன்.